சிப்காட்டில் ஒரு தானியேல்: ஓவர்டைம், ஆயுத பூஜை, ஒரு கையெழுத்து

 

போன சில வாரமா வந்த மெசேஜ்கள்ல கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, தேர்வாய் கண்டிகை, திருவள்ளூர்னு ஒரே மாவட்டத்துப் பேர் திரும்பத் திரும்ப வந்தது. எல்லாரும் இருபதுகள்ல இருக்கிறவங்க. டிப்ளமோ, ஐடிஐ, இன்ஜினியரிங் முடிச்சுட்டு சிப்காட் கம்பெனிகள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க. சிலர் ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க, சிலர் சென்ட்ரல்ல இருந்து சபர்பன் ட்ரெயின் பிடிச்சு தினமும் போய் வர்றாங்க. கேள்வியைச் சுருக்கினா இதுதான்: "அண்ணா, காலேஜ் வரைக்கும் விசுவாசத்துல நல்லா இருந்தேன். வேலைக்கு வந்ததும் கரைஞ்சு போற மாதிரி இருக்கு. எப்படி உண்மையா இருக்கிறது?"

இதுக்கு நம்ம யூத் மீட்டிங்ல வழக்கமா ஒரு லிஸ்ட் கொடுப்போம். குடி, சினிமா, கெட்ட சிநேகம், மொபைல். அந்த லிஸ்ட் தப்புன்னு நான் சொல்லல. ஆனா உங்க மெசேஜ்களைப் படிச்சா வேற சோதனைகள்தான் முன்னாடி நிக்குது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். ஆயுத பூஜை. ரெஜிஸ்டர்ல போடச் சொல்ற ஒரு கையெழுத்து. இன்னைக்கு இந்த மூணையும் எடுத்துக்குவோம்.

தானியேல் எதுக்கெல்லாம் சரின்னு சொன்னார்?

தானியேல்னாலே நமக்கு சிங்கக் கெபிதான் ஞாபகம் வரும். அது ஆறாம் அதிகாரம், அப்போ அவர் வயசானவர். உங்களுக்கு வேண்டியது முதல் அதிகாரம். எருசலேம்ல இருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட வாலிபர்கள், நேபுகாத்நேச்சார் ராஜாவோட அரமனை வேலைக்குத் தேர்வு செய்யப்படுறாங்க. மூணு வருஷம் ட்ரெயினிங், சாப்பாடு அரமனையில. இன்னைக்கு நாம சொல்ற ட்ரெய்னி போஸ்ட் மாதிரிதான்.

அங்க தானியேல் எத்தனை விஷயத்துக்குச் சரின்னு சொல்றார்னு எண்ணிப் பாருங்க. கல்தேயருடைய மொழியைப் படிக்கிறார். அவங்க எழுத்துகளைப் படிக்கிறார். அவருக்குப் பெல்தெஷாத்சார்னு புதுப் பேர் வைக்கிறாங்க, அதுவும் பாபிலோன் தெய்வத்தோட பேர் கலந்த பேர். அதுக்காக அவர் சண்டை போட்டதா எழுதியிருக்கல. தன் ஊரை அழிச்ச ராஜாவுக்கே வேலை செய்றார். ஒரே ஒரு இடத்துலதான் கோடு போடுறார்: ராஜாவின் பந்திச் சாப்பாடும் திராட்சரசமும்.

அந்தக் கோட்டையும் எப்படிப் போடுறார்? பந்தியில போய் உட்கார்ந்துட்டுத் தட்டைத் தள்ளிவிடல. முன்கூட்டியே மனசுல முடிவு பண்றார். அப்புறம் பொறுப்பாளர்கிட்ட போய் அனுமதி கேட்கிறார். அந்த அதிகாரி, ராஜா தன் தலையை எடுத்துடுவார்னு பயப்படுறார். அந்தப் பயத்தை தானியேல் கேலி பண்ணல. தங்களை நேரடியா கவனிச்சுக்கிட்ட விசாரிப்புக்காரர்கிட்ட ஒரு வழி சொல்றார்: பத்து நாள் சோதிச்சுப் பாருங்க, அப்புறம் உங்களுக்குத் தோணுறதைச் செய்ங்க.

இதுல நமக்கு மூணு பாடம் இருக்கு. எல்லாத்துக்கும் மறுப்பு சொல்றது உண்மைத்தன்மை ஆகாது. எங்க மறுக்கணும்னு தெரிஞ்சிருக்கணும். அந்த முடிவு சோதனை வர்றதுக்கு முன்னாடியே எடுக்கப்படணும். அடுத்தவங்களோட வேலைக்கு ஆபத்து வராதபடி ஒரு மாற்று வழியோட போகணும். இந்த மூணையும் கையில வெச்சுக்கிட்டு இப்போ சிப்காட்டுக்கு வருவோம்.

முதல் சோதனை: ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்

ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட்னு சுத்துற வாழ்க்கையில ஞாயிறு எப்பவும் கையில இருக்காது. சில கம்பெனியில வீக் ஆஃப் செவ்வாயோ வியாழனோ வரும். ஞாயிறு லீவா இருந்தாலும், சனிக்கிழமை சாயந்திரம் சூப்பர்வைசர் வந்து "நாளைக்கு ஓடி இருக்கு, வர்றியா?"ன்னு கேட்பார். இரட்டிப்புச் சம்பளம். வீட்டுல தங்கச்சி கல்யாணம், பைக் இஎம்ஐ, அப்பாவோட மருந்துச் செலவு. இது பேராசைன்னு ஒரே வார்த்தையில தள்ளிவிடக்கூடிய விஷயம் கிடையாது.

முதல்ல ஒரு சின்ன வரலாறு. இந்தியாவுல ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு லீவு எப்படிக் கிடைச்சதுன்னு தெரியுமா? பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல வருஷம் போராடினார். ஜோதிராவ் புலேவோட சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்தவர் அவர். 1890 ஜூன் 10ல அந்த விடுமுறை கிடைச்சது. அவர் கிறிஸ்தவர் இல்லை. ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்கு உகந்த நாள்னு அந்தத் தொழிலாளிகள் கொண்டாடினதும் அவர் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு. அப்புறம் 1948ல வந்த தொழிற்சாலைகள் சட்டம், வாரத்துல ஒரு முழு நாள் ஓய்வு கட்டாயம், ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலின்னு வகுத்தது. 2023 ஏப்ரல்ல தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துல 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறினப்போ, தொழிற்சங்கங்கள் எதிர்த்தாங்க. மே தினத்தன்னைக்கு அது திரும்பப் பெறப்பட்டதா முதல்வர் அறிவிச்சார்.

இதை ஏன் சொல்றேன்னா, ஓய்வு நாள் நமக்கு மட்டும் கிடைச்ச மதச் சலுகைன்னு நினைச்சுடாதீங்க. உங்க பக்கத்துல நிக்கிற ஒடிசா தம்பிக்கும், பீகார் அண்ணனுக்கும் அது வேணும். பத்துக் கட்டளையிலயும் அப்படித்தான். வேலைக்காரன், வேலைக்காரி, அந்நியன், மாடு, கழுதை வரைக்கும் ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கு.

இப்போ நடைமுறைக்கு வருவோம். எரிக் லிடெல் பேரை சண்டே ஸ்கூல்ல கேட்டிருப்பீங்க. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறுல வருதுன்னு ஓடல. 400 மீட்டர் ஓடி 47.6 விநாடியில தங்கம் வாங்கினார். கதை அங்கேயே முடிஞ்ச மாதிரி சொல்லுவோம். ஆனா அதுக்கப்புறமும் ஒரு பகுதி இருக்கு. அவர் சீனாவுக்கு மிஷனரியா போனார். போர்க் காலத்துல ஜப்பானியர் நடத்தின வெய்சியன் முகாம்ல அடைக்கப்பட்டார். அங்க பிள்ளைகள் ஞாயிறுல ஹாக்கி விளையாடிச் சண்டை போட்டுக்கிட்டாங்க. ஞாயிறுல ஓட மறுத்த அதே மனுஷன், அந்தப் பிள்ளைகளுக்காக ஞாயிறுலயே நடுவரா நின்னார். 1945 பிப்ரவரியில அந்த முகாம்லயே இறந்துபோனார்.

ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாதான் அவர் விசுவாசம் புரியும். தன் பெருமைக்காக அந்த நாளைக் கொடுக்க மாட்டேன்னார். பிள்ளைங்க நன்மைக்காகக் கொடுத்தார்.

அதனால ஓடி வரும்போது உங்களையே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த ஞாயிறை நான் எதுக்குக் கொடுக்கிறேன்?" அப்பா ஆஸ்பத்திரியில இருக்கும்போது நாலு ஞாயிறு வேலைக்குப் போறது ஒண்ணு. ஃபோன் மாடலை மாத்துறதுக்காக வருஷம் முழுக்க சபைப் பக்கமே வராம இருக்கிறது வேற. வீக் ஆஃப் செவ்வாய்னா, அந்தச் செவ்வாயை ஆண்டவருக்கும் ஓய்வுக்கும் ஒதுக்குங்க. ஞாயிறு சாயந்திர ஆராதனை இருக்கான்னு பாருங்க. ஷிஃப்ட் மாத்திக்கணும்னா தானியேல் மாதிரி முன்கூட்டியே, ஒரு மாற்று வழியோட போங்க: "சார், பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் எனக்கு லீவு வேணும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் ஷிஃப்ட் பார்த்துக்கிறேன்." இப்படிக் கேட்டா பல இடத்துல கிடைக்கும். உங்க கூட இருக்கிறவங்களும் சந்தோஷப்படுவாங்க.

கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. மறுத்தா அடுத்த நாள் கேட் பாஸ் இருக்காதுங்கிற நிலைமை உங்களுக்கு இருக்கலாம். சபையில யாராவது "விசுவாசம் இருந்தா லீவு போடு"ன்னு சுலபமா சொன்னா, அது உங்க நிலைமை தெரியாம சொல்றது. சபைப் பெரியவங்ககிட்டயும் நான் கேட்டுக்கிறது இதுதான்: ஞாயிறு காலை 9 மணிக்கு வர முடியாதவங்களுக்காக, வாரத்துல ஒரு நாள் ராத்திரி பத்துப் பேர் கூடுற ஜெபத்தை ஆரம்பிங்க. வராதவங்களைக் கணக்கெடுக்கிறதை விட அதுல அதிக அன்பு இருக்கு.

இன்னொண்ணு. யூத் ரிட்ரீட் போறதுக்காக "காய்ச்சல் சார்"னு பொய் மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுக்கிற பழக்கம் நம்ம பசங்ககிட்ட இருக்கு. ஆண்டவரைத் தேடிப் போறதுக்கு ஆண்டவர் வெறுக்கிற பொய்யையே டிக்கெட்டா எடுக்கிறோம். லீவு கிடைக்கலையா, அந்த ரிட்ரீட்டை விட்டுடுங்க.

ரெண்டாவது: ஆயுத பூஜை

ஒவ்வொரு வருஷமும் மெஷினைத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைச்சு, பொரி கடலை கொடுப்பாங்க. லைன்ல இருக்கிற எல்லாரும் சேர்ந்து நிப்பாங்க. "நான் என்ன பண்ணட்டும்?"னு நிறைய பேர் கேட்டீங்க.

இது புதுப் பிரச்சினை இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் ரெண்டாம் அதிகாரத்துல தியத்தீரா சபைக்கு ஒரு கடிதம் இருக்கு. தியத்தீரா அந்தக் காலத்து சிப்காட்னே சொல்லலாம். இப்போ துருக்கியில அக்ஹிசார்னு பேர். சாயக்காரர், தோல் பதனிடுறவர், குயவர், செம்பு வேலைக்காரர், கம்பளி நெய்றவர்னு ஒவ்வொரு தொழிலுக்கும் அங்க சங்கம் இருந்ததுக்குக் கல்வெட்டு ஆதாரம் இருக்கு. அப்போஸ்தலர் பதினாறுல வர்ற இரத்தாம்பர வியாபாரி லீதியாள் அந்த ஊர்க்காரங்கதான். சங்கத்துல இருந்தா சங்கத்து விருந்து; அந்த விருந்துல தெய்வத்துக்குப் படைச்ச சாப்பாடு. தொழிலை விட முடியாது, விருந்துல உட்காரவும் மனசாட்சி இடம் கொடுக்கல. உங்க நிலைமையேதான்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்துல, எட்டாம் அதிகாரமும் பத்தாம் அதிகாரமும் இதைப் பத்தித்தான். கடையில விக்கிறதை மனசாட்சிக்காகக் கேள்வி கேட்காம சாப்பிடச் சொல்றார். ஆனா இது படைச்சதுன்னு ஒருத்தர் சொல்லிட்டா, சொன்னவருடைய மனசாட்சிக்காகச் சாப்பிட வேண்டாம்ங்கிறார். வழிபாட்டுலயே பங்கெடுக்கிறதுக்கு இடம் கொடுக்கல. உணவை விட அதைப் பார்க்கிற மனுஷன் அவருக்கு முக்கியம்.

2 ராஜாக்கள் அஞ்சாம் அதிகாரத்துல நாகமான் இருக்கார். சீரியா ராஜாவோட சேனாபதி. குஷ்டம் நீங்கி, இனிமே கர்த்தரைத்தான் தொழுவேன்னு சொல்றார். கூடவே ஒரு தயக்கம்: என் எஜமான் ரிம்மோன் கோயில்ல பணியும்போது என் கையில சாய்வார், நானும் குனிய வேண்டி வரும், அதைக் கர்த்தர் மன்னிக்கணும். எலிசா அவரைத் திட்டல. சமாதானத்தோட போகச் சொல்லி அனுப்புறார்.

இதை வெச்சு என் கருத்தைச் சொல்றேன். மெஷினைச் சுத்தம் பண்றது வேலை. அதை எல்லாரோடும் சேர்ந்து, எல்லாரையும் விட நல்லா பண்ணுங்க. தோரணம் கட்ட ஏணி பிடிக்கச் சொன்னா முகம் சுளிக்காதீங்க. கற்பூரம் காட்டும்போது அமைதியா ஓரமா நில்லுங்க. தொட்டுக் கும்பிடச் சொன்னாலோ, பிரசாதம்னு சொல்லிக் கொடுத்தாலோ, சிரிச்ச முகத்தோட, "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, நான் இது எடுத்துக்கிறதில்லை. வாங்க, டீ வாங்கித் தர்றேன்"னு சொல்லுங்க. அவ்வளவு போதும். அவங்க தெய்வத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேவலமா பேசக் கூடாது. அவங்களும் செய்ற தொழிலை மதிச்சுத்தான் அந்தப் பொட்டை வைக்கிறாங்க. கிறிஸ்துமஸ்க்கு நீங்க கொண்டுபோற கேக்கை அவங்க மறுக்காம சாப்பிடுறாங்கங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும்.

இதே விசுவாசத்துல இருக்கிற இன்னொரு தம்பி கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம். அவரைத் தீர்ப்பு பண்ணாதீங்க. ரோமர் பதினாலு அதுக்காகவே எழுதப்பட்டிருக்கு.

சம்பளத் தேதி அன்னைக்கு ரூம்ல நடக்கிற குடிக்கும் இதே வழிதான். பாட்டில் திறந்த பிறகு மறுக்கிறது கஷ்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே "நான் குடிக்கிறதில்லை, சாப்பாட்டுக்கு என் பங்கு தர்றேன்"னு சொல்லிட்டா, ரெண்டு வாரம் கிண்டல் பண்ணுவாங்க. அப்புறம் ராத்திரி யாரையாவது பத்திரமா ரூமுக்குக் கூட்டிட்டு வரணும்னா உங்களைத்தான் கூப்பிடுவாங்க.

மூணாவது: யாரும் பார்க்காத கையெழுத்து

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது இதுதான். முதல் ரெண்டும் வெளியே தெரியும், சபைக்கும் தெரியும். இது தெரியாது.

கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்பு உருக்குற ஆலைகள் நிறைய. பழைய இரும்பை இண்டக்‌ஷன் உலையில போட்டு உருக்கி, கம்பி ஆக்குவாங்க. அந்த ஸ்கிராப்ல மூடின சிலிண்டரோ, ஈரமோ இருந்து உள்ளே போயிட்டா, சூட்டுல அழுத்தம் கூடி வெடிக்கும். உருகின இரும்பு பக்கத்துல நிக்கிறவங்க மேல தெறிக்கும். அதுக்காகத்தான் ஸ்கிராப்பை முன்னாடியே பார்த்து டிக் போடச் சொல்றாங்க. கெமிக்கல் கம்பெனியில டேங்க்குக்குள்ள ஆள் இறங்குறதுக்கு முன்னாடி வாயு அளவு பார்த்து பெர்மிட்ல எழுதணும். ராத்திரி ரெண்டு மணி. தூக்கம். மீட்டர் எடுக்க ஸ்டோர் வரைக்கும் நடக்கணும். "நேத்து இருந்ததையே எழுதுப்பா, யார் பார்க்கப் போறா?"

இங்க தான் விசுவாசம் என்னன்னு தெரியும். போத்திபார் வீட்டுல யோசேப்பு இருந்ததும் இந்த இடத்துலதான். வீட்டுல வேற யாரும் இல்லாத நேரம். ஆனா தேவனுக்கு விரோதமா எப்படிப் பாவம் செய்றதுங்கிறதுதான் அவர் யோசனை. நீங்க பொய்யா எழுதுற அந்த எண்ணை நம்பி ஒரு மனுஷன் டேங்க்குக்குள்ள இறங்குறான். ஊர்ல அவனுக்கு ஒரு அம்மா இருக்காங்க. பிறனை நேசிக்கிறது அந்த ராத்திரியில ஒரு மீட்டரை எடுத்துட்டு வர்றதா இருக்கு.

தானியேல் ஆறாம் அதிகாரத்துல சிங்கக் கெபிக்கு முன்னாடி நடக்கிறதைப் படிங்க. எதிரிங்க முதல்ல அவர் ஜெபத்தைத் தேடிப் போகல. அவர் வேலையில குற்றம் தேடுறாங்க, கணக்குல தப்பு தேடுறாங்க. ஒண்ணும் கிடைக்கல. வேற வழியில்லாமத்தான் ஜெபத்துக்கு வர்றாங்க. நம்ம ரெஜிஸ்டரை இன்னைக்கு யாராவது திறந்தா என்ன கிடைக்கும்?

லூக்கா மூணாம் அதிகாரத்துல ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான் ஸ்நானன்கிட்ட வந்து, நாங்க என்ன செய்யணும்னு கேட்கிறாங்க. வேலையை விட்டுடுங்கன்னு அவர் சொல்லல. கட்டளையிட்டதுக்கு மேல வாங்காதீங்க, யாரையும் மிரட்டாதீங்க, சம்பளமே போதும்னு இருங்கங்கிறார். மனந்திரும்புதலை அவர் அளந்தது அவங்க வேலை பார்க்கிற இடத்துலதான்.

பொன்னேரியில இறங்கினா ஒரு பாடம்

அதே ரயில் லைன்ல பொன்னேரியில இறங்கி பஸ் பிடிச்சா பழவேற்காடு. அங்க டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கு. வாசல்ல ரெண்டு எலும்புக்கூட்டுச் சிற்பம், உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள், அழகா வெட்டின எழுத்துகள். 1613ல டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிச்சு. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்க தலைமையிடம் அதுதான். நம்ம மாவட்டத்துல பெரிய கம்பெனி வர்றது இன்னைக்கு நேத்து நடக்கிறது இல்லை.

அந்தக் கம்பெனிக்குப் போதகர் இருந்தார். ஆபிரகாம் ரொஜேரியஸ் 1632ல இருந்து பத்து வருஷம் அங்க ஊழியம் செய்தார். இந்த மண்ணோட சமயத்தைப் பத்தி அவர் எழுதின புத்தகம் 1651ல லெய்டன்ல வெளிவந்தது. அங்க ஞாயிறுல ஆராதனை இருந்தது, வேதம் இருந்தது. அதே நூற்றாண்டுல, அதே கம்பெனி இந்தக் கரையில இருந்து ஆயிரக்கணக்கான மனுஷங்களை அடிமைகளா வாங்கி, கப்பல்ல ஏத்தி பத்தாவியாவுக்கு அனுப்பிச்சு. இன்னைக்கு ஜகார்த்தாங்கிறோமே, அந்த ஊர். பஞ்ச வருஷங்கள்ல பசிக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் வித்தவங்க அதுல இருந்தாங்க. எத்தனை தலைன்னு ஒரு எழுத்தர் கணக்கு எழுதியிருப்பார். அவரும் ஞாயிறுல பாட்டுப் பாடியிருப்பார்.

அவங்க குடிகாரங்களா இருந்து கெட்டாங்கன்னு மட்டும் நினைக்காதீங்க. ஒழுங்கா சபைக்கு வந்துக்கிட்டே, கம்பெனி எழுதச் சொன்னதை எழுதினவங்க இருந்திருப்பாங்க. உலகம்னு நாம பயப்படுறது வெளியே தியேட்டர்லயும் பார்லயும் இருக்கிறதா நினைக்கிறோம். அது சம்பள ஸ்லிப்போட சேர்ந்தும் வரும்.

இந்த வாரத்துக்கு மூணு விஷயம்

ஒண்ணு, உங்க கோடு எதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. ரெண்டு அல்லது மூணு போதும். பத்து எழுதினா ஒண்ணும் நிக்காது.

ரெண்டு, கூட ஒரு ஆளைச் சேர்த்துக்குங்க. தானியேலுக்கு மூணு சிநேகிதர் இருந்தாங்க. அதே ஷிஃப்ட்ல, அதே ட்ரெயின்ல, அதே ரூம்ல ஒரு விசுவாசி இருப்பார். வாரத்துக்குப் பத்து நிமிஷம், "இந்த வாரம் எங்க சறுக்கப் பார்த்தே?"ன்னு ஒருத்தரையொருத்தர் கேட்டு ஜெபம் பண்ணுங்க. தங்கச்சிங்க ஹாஸ்டல்ல இருந்தா அங்கேயே ரெண்டு பேர் சேருங்க.

மூணு, பொய்யா எழுதச் சொல்லி அழுத்தம் வந்தா, முதல் பதில் சண்டையா இருக்க வேண்டாம். "சார், அஞ்சு நிமிஷம் கொடுங்க, பார்த்துட்டு எழுதிடுறேன்"னு சொல்லுங்க. பெரும்பாலும் அதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க. அப்படியும் வற்புறுத்தினா கையெழுத்துப் போடாதீங்க. அதனால இன்கிரிமென்ட் குறையலாம், வேலையே போகலாம். போகாதுன்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா அந்த நாளுக்கு முன்னாடியே மூணு மாசச் செலவுக்கான பணத்தைச் சேர்த்து வெச்சிருந்தா, மறுக்கிற தைரியம் கொஞ்சம் சுலபமா வரும். இஎம்ஐ கழுத்து வரைக்கும் இருக்கிறவனால சரியான நேரத்துல மறுத்துப் பேச முடியறதில்லை. சிக்கனமும் ஒரு ஆவிக்குரிய பழக்கம்தான்.

நைட் ஷிஃப்ட் போற வழியில இதைக் கேட்கிறவங்களுக்காக ஒரு சின்ன ஜெபம். ஆண்டவரே, இன்னைக்கு ராத்திரி இவங்க கை தொடுற ஒவ்வொரு வேலையும் உண்மையா இருக்கட்டும். பக்கத்துல நிக்கிறவங்க எல்லாரும் பத்திரமா வீடு திரும்பட்டும். ஆமென்.

அடுத்த எபிசோட்ல கடன் ஆப், ஆன்லைன் ரம்மி பத்திப் பேசுவோம். உங்க கேள்விகளை அனுப்புங்க. கர்த்தர் உங்களோட இருப்பாராக.